எல்லையே இல்லாத சுவரில் இடத்துக்கு அடிதடி

உலாவியைத் திறந்தால் ஒரு வெள்ளைப் பக்கம். பெயர் கேட்காது, கடவுச்சொல் கேட்காது, மின்னஞ்சல் முகவரி கேட்காது. எங்கே வேண்டுமானாலும் சுட்டியால் ஒரு சொடுக்கு, அப்புறம் தட்டச்சு. அவ்வளவுதான். அடித்த எழுத்து அந்த நொடியே, உலகத்தில் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்திருக்கும் அத்தனை பேருக்கும் தெரியும். இடப்பக்கம் இழுத்தால் பக்கம் நீளும். வலப்பக்கம் இழுத்தாலும் நீளும். மேலே, கீழே, எங்கே போனாலும் முடிவு வராது.

ஆண்ட்ரூ பாடர் என்ற நிரலாளர் 2009-ல் தொடங்கிய இந்தத் தளத்தின் பெயர் 'யுவர் வேர்ல்ட் ஆஃப் டெக்ஸ்ட்'. யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் எழுதியதையும் யார் வேண்டுமானாலும் அழிக்கலாம். விதிமுறை என்று சொல்ல அநேகமாக அவ்வளவுதான். இதே பாணியில் எழுத்துக்குப் பதில் படம் வரையும் தளங்கள் வந்தன, ஒவ்வொரு புள்ளியாக வைக்கும் தளங்கள் வந்தன. ஆனாலும் இந்த மொட்டை வெள்ளைப் பக்கத்துக்கு ஒரு தனி மரியாதை உண்டு. இதைவிட எளிமையாக ஒரு பொதுச் சுவரைக் கட்ட முடியாது.

"எல்லையே இல்லை என்றால் அதை எந்தக் கணினியில் வைப்பது?" என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்வி. பதில் ரொம்பச் சுலபம்: காலி இடத்துக்குச் செலவே கிடையாது. பக்கம் முழுவதும் சின்னச் சின்ன ஓடுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒரு ஓட்டில் குறுக்கே 16 எழுத்து, நெடுக்கே 8 வரி. யாராவது ஒரு எழுத்தாவது எழுதிய ஓடு மட்டும் தரவுதளத்தில் ஏறும், 'மேற்கே இத்தனை, தெற்கே இத்தனை' என்ற முகவரியோடு. யாரும் தொடாத ஓடு எங்கேயும் இல்லை. பார்க்கிறவரின் உலாவி அங்கே போனால் மட்டும் வெள்ளையாக ஒன்றைக் காட்டும். மனை விற்பவர்கள் கேட்டால் பொறாமைப்படுவார்கள் :-)

கறாராகப் பார்த்தால் எல்லை இல்லாமலும் இல்லை. ஜாவாஸ்கிரிப்ட் மொழி தப்பில்லாமல் எண்ணக்கூடிய மிகப்பெரிய முழு எண் 9,007,199,254,740,991. அதைத் தாண்டினால் ஒன்றைக் கூட்டுவதே தகராறு. ஆகவே இப்படிப்பட்ட பக்கங்களுக்கு அந்தத் தூரத்தில் எங்கேயோ ஒரு வேலி இருந்தே தீரும். அங்கே போய் முட்டிக்கொள்ள யாருக்கும் ஆயுசு போதாது என்பது வேறு விஷயம்.

சரி, விஷயத்துக்கு வரலாம். இவ்வளவு இடம் கொட்டிக் கிடக்கிற சுவரில் ஜனங்கள் என்ன செய்கிறார்கள்? நட்டநடுவில் போய் ஒருவர் எழுதியதன் மேல் ஒருவர் எழுதி அடித்துக்கொள்கிறார்கள்!

தளத்தைத் திறக்கிற எல்லாரும் முதலில் வந்து இறங்குவது பூஜ்யம், பூஜ்யம் என்ற இடத்தில். அந்த இடம் எப்போதும் சந்தைக்கடை. வசவு, ஆபாசம், கிறுக்கல், 'ஹலோ', எழுத்துகளை அடுக்கிச் செய்த பூனைப் படம், அந்தப் பூனையின் முகத்தில் இன்னொருவர் எழுதிய கெட்ட வார்த்தை. ஐந்து நிமிடம் தாக்குப்பிடித்தால் அதிசயம். ஆனால் ஒரே திசையில் பொறுமையாக இழுத்துக்கொண்டே போனால் சத்தம் குறையும். கொஞ்ச தூரத்தில் நாலு பேர் தனியாக அரட்டை அடித்த தடம் இருக்கும். இன்னும் போனால் யாரோ ஒருவர் பாதியில் விட்ட கதை. இன்னும் போனால் வெள்ளை. அந்த வெள்ளையில் திடீரென்று ஒற்றை வரி.

வணிகவியல் படிக்கிறவர்களுக்கு இது எங்கேயோ படித்த மாதிரி இருக்கும். ஜெர்மனியில் வான் தூனன் என்ற பண்ணையார் 1826-ல் எழுதிய புத்தகத்தில் வரும் கணக்கு இது. நடுவில் ஒரு நகரம், சுற்றிலும் ஒரே தரமான நிலம். சந்தைக்குப் பக்கத்தில் இருக்கும் நிலத்துக்கு வாடகை அதிகம், தள்ளிப் போகப் போகக் குறையும், ஒரு தூரத்துக்கு மேல் சீண்ட ஆளிருக்காது. தூனன் கணக்கில் வித்தியாசத்தை உண்டாக்குவது வண்டிச்சத்தம். இந்தச் சுவரில் வண்டிச்சத்தம் இல்லை, வாடகை இல்லை, நிலத்துக்குப் பஞ்சமும் இல்லை. சப்ளை முடிவிலி, விலை பூஜ்யம். பாடப்புத்தகப்படி சண்டைக்குக் காரணமே இருக்கக் கூடாது.

இருந்தும் சண்டை நடக்கிறதென்றால், பஞ்சம் வேறு எதிலோ இருக்கிறது. பஞ்சம் கண்ணில். எழுத எத்தனை கோடி ஓடு இருந்தாலும், பார்க்க வருகிற கண்கள் கொஞ்சம்தான், அவை எல்லாம் இறங்குவது ஒரே இடத்தில். தகவல் பெருகினால் கவனம் வறுமைப்படும் என்று ஹெர்பர்ட் சைமன் 1971-லேயே சொல்லிவிட்டார் (பொருளாதாரத்துக்கான நோபல் அவருக்கு 1978-ல் கிடைத்தது). தமிழ்நாட்டில் தேர்தலுக்கு ஒரு வருடம் முன்பே மெயின் ரோட்டுச் சுவரில் வெள்ளையடித்துக் கட்சிப் பெயரைப் போட்டு 'ரிசர்வ்' செய்கிறவர்களுக்கு சைமனைப் படிக்க வேண்டிய அவசியம் இருந்ததில்லை.

கண்ணை விலைக்கு விற்றும் ஒருவர் காட்டியிருக்கிறார். அலெக்ஸ் டியூ, இங்கிலாந்துக்காரர், வயது 21, கல்லூரியில் மேலாண்மை படிக்கப் பணம் வேண்டும். 2005 ஆகஸ்டில் ஒரு பக்கத்தைப் போட்டார்: ஆயிரத்துக்கு ஆயிரம், மொத்தம் பத்து லட்சம் புள்ளிகள், புள்ளிக்கு ஒரு டாலர். வாங்கினவர் தன் விளம்பரத்தை அங்கே ஒட்டிக்கொள்ளலாம். 'மில்லியன் டாலர் ஹோம்பேஜ்' என்று பெயர். 2006 ஜனவரியில் கடைசி ஆயிரம் புள்ளிகள் ஈபே ஏலத்தில் 38,100 டாலருக்குப் போயின, மொத்த வசூல் 10,37,100 டாலர். முடிவில்லாத இணையத்தில் முடிவுள்ள ஒரு சதுரத்தைச் செயற்கையாக வேலி போட்டு விற்றதுதான் அதில் இருந்த ஒரே சரக்கு. வாங்கினவர்கள் கதை என்ன ஆயிற்று? ஹார்வர்ட் பல்கலைக்கழக நூலகத்துக்காரர்கள் 2017-ல் எண்ணிப் பார்த்தார்கள். அந்தப் பக்கத்தில் இருந்த 2,816 சுட்டிகளில் 547 சுத்தமாகச் செத்துப்போயிருந்தன. இன்னும் 489 வேறு எங்கேயோ கொண்டுபோய் விட்டன. காசு கொடுத்து வாங்கிய சுவருக்கே இந்தக் கதி.

இதற்கு நேர் எதிராக, காசு வாங்காமல் அதே ஆயிரத்துக்கு ஆயிரம் சதுரத்தைத் திறந்துவிட்டது ரெட்டிட். 2017 ஏப்ரல் 1-ம் தேதி 'பிளேஸ்' என்ற பெயரில் வந்தது. உருவாக்கியவர் ஜாஷ் வார்டில், பின்னாளில் 'வேர்டில்' விளையாட்டைச் செய்து நியூயார்க் டைம்ஸுக்கு விற்ற அதே ஆசாமி. 16 நிறங்கள். ஒரு புள்ளி வைத்தால் அடுத்த புள்ளிக்குக் குறைந்தது 5 நிமிடம் காத்திருக்க வேண்டும். 72 மணி நேரத்தில் பத்து லட்சம் பேருக்கு மேல் வந்து ஏறக்குறைய 1 கோடியே 60 லட்சம் புள்ளிகளை வைத்துவிட்டுப் போனார்கள். அதாவது சராசரியாக ஒவ்வொரு இடமும் பதினாறு முறை கைமாறியிருக்கிறது.

இந்தப் 'பிளேஸ்' பற்றி எழுதியவர்களில் பெரும்பாலோர் மனிதகுல ஒற்றுமை என்று உருகினார்கள். உருகுவதற்கு விஷயம் இருந்தது உண்மைதான். மோனாலிசா வந்தாள். ஜெர்மனிக் கொடி பெருகி வந்து பிரான்ஸ் கொடியின் மேல் ஏறியபோது, இரண்டுக்கும் நடுவில் ஐரோப்பிய ஒன்றியத்தின் கொடியை வரைந்து ஒரு சமாதானப் புறாவையும் வைத்தார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கணக்குப் பாடம் படித்தவர்கள் உருகுவதற்கு முன் ஒரு பெருக்கல் போட்டுப் பார்க்க வேண்டாமா? 72 மணி நேரத்தில் 5 நிமிடத்துக்கு ஒன்று என்றால், ஒரு நொடிகூடத் தூங்காத ஒருவர் வைக்கக்கூடிய புள்ளிகள் 864. முப்பதுக்கு முப்பது அளவில் ஒரு சின்னப் படம் வரையவே 900 வேண்டும்! அதுவும் யாரும் குறுக்கே வராமல் இருந்தால்.

ஆக, தனியாளுக்கு அங்கே இடமே கிடையாது. கூட்டம் உள்ளவனுக்குத்தான் சுவர். கூட்டத்தை எது சீக்கிரம் சேர்க்கும்? கொடி சேர்க்கும். விளையாட்டுச் சின்னம் சேர்க்கும். 2022-ல் மறுபடி நடத்தினபோது ஒரு கோடிப் பேருக்கு மேல் வந்தார்கள், 16 கோடிப் புள்ளிகள். சதுரத்தை நடுவில் இரண்டு முறை பெரிதாக்கியும் போதவில்லை. பிரெஞ்சு, ஸ்பானிஷ் நேரலைக்காரர்கள் லட்சக்கணக்கான ரசிகர்களை ஏவி, மற்றவர்கள் நாள்கணக்கில் கட்டியதை நிமிடக்கணக்கில் துடைத்தார்கள். பெரிய முதல் போட்டவன் சின்னக் கடைக்காரனை விழுங்குவதற்கு இதைவிடத் தெளிவான படம் வகுப்பில் காட்ட முடியாது. இதை ஒற்றுமை என்று கொண்டாடுவது கொஞ்சம் ஓவர். சுவரின் நீள அகலத்தை முதலாளி முடிவு செய்து, பஞ்சத்தை அவரே உண்டாக்கி, அந்தப் பஞ்சத்தில் ஜனங்கள் அணி சேர்ந்ததைப் பார்த்து எல்லாரும் கைதட்டினார்கள்.

2023 ஜூலையில் மூன்றாம் முறை நடத்தியபோது கதை மாறியது. வெளியார் மென்பொருள்களுக்கு ரெட்டிட் கட்டணம் விதித்ததால் பயனர்கள் ஏற்கெனவே கொதித்துப்போயிருந்தார்கள். தலைமை அதிகாரி ஸ்டீவ் ஹஃப்மனைத் திட்டி பல மொழிகளில் வரைந்து தள்ளினார்கள். சுவரைக் கொடுத்தவனையே சுவரில் திட்டிய அந்த ஒரு முறைதான் அது உண்மையிலேயே பொதுச்சுவராக இருந்தது என்று சொல்லலாம்.

ஆகவேதான் பேர் தெரியாத அந்த எல்லையில்லாப் பக்கம், பேர் பெற்ற சதுரத்தைவிட உயர்ந்தது என்பது இந்தக் கட்டுரையின் கட்சி. நடுவில் அடிதடி இருக்கட்டும். அடிதடி பிடிக்காதவர் நடந்து போய்விடலாம். சதுரத்தில் நடந்து போக இடமில்லை. கூட்டமில்லாத ஒரு தனியாள், திக்குவாய் மாதிரித் தயங்கித் தயங்கி எழுதுகிறவர், தன் ஊர் மொழியில் நாலு வரி எழுத நினைப்பவர், இவர்களுக்கெல்லாம் தூரம்தான் வேலி. காவல்காரன் இல்லாத வேலி.

காரெட் ஹார்டின் 1968-ல் எழுதிய பொதுமேய்ச்சல் நிலக் கதை எல்லாப் பொருளாதார வகுப்பிலும் வரும். எல்லாருக்கும் சொந்தமான புல்வெளியில் ஆளாளுக்கு ஒரு மாடு கூட விட்டால் கடைசியில் புல்லே மிஞ்சாது, ஆகவே பொதுவில் விட்டது உருப்படாது. எலினார் ஆஸ்ட்ரம் அதை ஒத்துக்கொள்ளவில்லை. சுவிட்சர்லாந்து மேய்ச்சல் நிலங்கள், ஸ்பெயின் வாய்க்கால்கள், ஜப்பான் கிராமத்துக் காடுகள் என்று எடுத்துக் காட்டி, நூற்றாண்டுக் கணக்கில் ஜனங்கள் பொதுச்சொத்தைத் தாங்களே காப்பாற்றி வந்ததை 1990-ல் புத்தகமாகப் போட்டார். 2009-ல் பொருளாதார நோபல், அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண். ஆனால் ஆஸ்ட்ரம் சும்மா சொல்லவில்லை, நிபந்தனைகள் வைத்தார்: எல்லை தெளிவாக இருக்க வேண்டும், யார் உள்ளே யார் வெளியே என்று தெரிய வேண்டும், கண்காணிப்பு வேண்டும், தப்பு செய்தால் படிப்படியாகத் தண்டனை வேண்டும். எல்லையில்லாச் சுவரில் இதில் ஒன்றுகூடக் கிடையாது. எல்லை இல்லை என்பது பெயரிலேயே இருக்கிறது!

அப்புறம் எப்படி அது பிழைக்கிறது? நடுவிடத்தைப் பார்த்தால் ஹார்டின் ஜெயித்த மாதிரி இருக்கும். ஆனால் இங்கே புல் தீராது. ஒருவர் மேய்ந்ததால் இன்னொருவருக்குக் குறைவதில்லை. அழிப்பதற்கு மெனக்கெட்டுத் தேடி வர வேண்டும், அவ்வளவு தூரம் வருகிறவன் பெரும்பாலும் அழிக்க வருவதில்லை, என்ன இருக்கிறது என்று பார்க்க வருகிறான்.

பூட்டு இல்லாத இடத்தில் கெட்டிக்காரர்கள் என்ன செய்வார்கள் என்பதற்கு சமீபத்திய சாட்சி ஒன்று உண்டு. இது முடிவில்லாத பக்கம் இல்லைதான், ஆனாலும் இங்கே சொல்லியாக வேண்டும். 2024 ஜூன் 26-ம் தேதி நோலன் ராயல்டி என்ற அமெரிக்க நிரலாளர் ஒரு பக்கத்தைத் திறந்தார். பத்து லட்சம் கட்டங்கள், எல்லாம் விண்ணப்பப் படிவத்தில் டிக் அடிக்கிற சாதாரணக் கட்டங்கள். ஒருவர் டிக் அடித்தால் எல்லாருக்கும் டிக் விழும், எடுத்தால் எல்லாருக்கும் போகும். வேறு ஒன்றுமே இல்லை. மகா மொக்கை யோசனை என்று தோன்றும். இரண்டு வாரத்தில் ஐந்து லட்சம் பேர் வந்து 65 கோடி டிக் அடித்தார்கள்.

படம் வரைய முடியாதபடிதான் அவர் அமைத்திருந்தார். திரையின் அகலத்துக்குத் தக்கபடி ஒரு வரிசையில் வரும் கட்டங்களின் எண்ணிக்கை மாறும், ஆகவே ஒருவர் திரையில் கெட்ட படமாகத் தெரிவது இன்னொருவர் திரையில் வெறும் புள்ளிகளாகத்தான் தெரியும். ஒரு நாள் அவர் தரவை எழுத்துகளாக மாற்றிப் பார்த்தபோது உள்ளே இணையமுகவரிகள் இருந்தன! அவர் எழுதாத முகவரிகள். யாரோ வழங்கிக்குள் புகுந்துவிட்டார்கள் என்று பதறிப்போனார். புகவில்லை. டிக் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0, எட்டுக் கட்டம் சேர்ந்தால் ஒரு எழுத்து என்று கணக்குப் போட்டு, சில பொடியன்கள் கட்டங்களாலேயே கடிதம் எழுதியிருந்தார்கள். இந்தத் தரவை இப்படிப் படிக்கத் தெரிந்தவன் மட்டும் எங்கள் அரட்டை அறைக்கு வா என்று அழைப்பு. அதே பத்து லட்சம் கட்டங்களை ஆயிரத்துக்கு ஆயிரம் படமாக மடித்துப் பார்த்தால், அதில் தன்னியக்க நிரல்கள் வைத்து வரைந்த படங்கள் தெரிந்தன, அசையும் படங்கள்கூட. பள்ளிக்கூட வயதுப் பிள்ளைகள் பலர் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். ராயல்டி அவர்களைத் திட்டவில்லை, தளத்தை மூடிய பிறகு அவர்களைப் பற்றிப் பெருமையாகக் கட்டுரை எழுதினார்.

பாஸ்வேர்டும் கைபேசி எண்ணும் கேட்டிருந்தால் அந்தப் பிள்ளைகளில் எத்தனை பேர் உள்ளே வந்திருப்பார்கள்? பலருக்குச் சொந்தமாக எண்ணே இருந்திருக்காது.

எதிர்க்கட்சி வாதமும் சும்மா தள்ளக்கூடியதல்ல. பூட்டில்லாத சுவர் கழிப்பறைச் சுவர் ஆகிவிடும் என்பார்கள். ஆகியும் இருக்கிறது. பத்து வயதுப் பிள்ளை பூனை வரைய வந்தால் அது முதலில் பார்ப்பது என்ன? யாரோ ஒரு பெண்ணின் பெயரும் தொலைபேசி எண்ணும் அங்கே எழுதப்பட்டால், அழிக்கும் வரை எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்? அதற்கு மேல் நிரல் எழுதத் தெரிந்த ஒரு அனானி, ஒரு நிமிடத்தில் ஆயிரக்கணக்கான ஓடுகளை ஒரே கெட்ட வார்த்தையால் நிரப்பிவிட முடியும். கட்ட ஒரு மாதம், இடிக்க ஒரு நிமிடம். எழுத்துச் சுவரின் பெரிய ஓட்டை இதுதான், 'பிளேஸ்' இந்த ஒரு விஷயத்தில் அதைவிட யோக்கியம். அங்கே வைப்பதற்கும் ஒரு புள்ளி, கெடுப்பதற்கும் ஒரு புள்ளி, இருவருக்கும் அதே 5 நிமிடம்.

இதற்கு அடையாள அட்டை கேட்பது மருந்தல்ல. அடையாள அட்டையோடு வந்து அசிங்கமாக எழுதுகிறவர்களை முகநூலில் தினமும் பார்க்கலாம். விக்கிப்பீடியா 2001-லிருந்து காட்டிவரும் வழி வேறு. ஒவ்வொரு திருத்தமும் வரலாற்றில் நிற்கும், கெடுத்ததை ஒரு சொடுக்கில் பழையபடி ஆக்கலாம். கெடுப்பவனுக்கு ஆகிற நேரத்தைவிடச் சரிசெய்பவனுக்கு ஆகிற நேரம் குறைவு. அந்த ஒரு வித்தியாசம்தான் பெயர் கேட்காமலேயே ஒரு கலைக்களஞ்சியத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. எல்லையில்லாச் சுவர்களுக்கும் அதுதான் வேண்டும்: அழிந்ததைத் தோண்டி எடுக்கும் வசதி, அதோடு ஆளுக்கு நொடிக்கு இத்தனை எழுத்துதான் என்று ஒரு சின்னத் தடை. நிதானமாக எழுதுகிறவருக்கு அந்தத் தடை இருப்பதே தெரியாது, நிரல் வைத்து வெள்ளம் விடுகிறவனுக்கு மட்டும் உறைக்கும். ஒரு பெண்ணின் எண் எழுதப்பட்டால் மட்டும் வரலாற்றிலிருந்தே நீக்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஒரு வேலையை இயந்திரத்திடம் விட முடியாது, விடக் கூடாது.

ரெட்டிட் இதில் பாதியையாவது செய்தது. எந்த நொடியில் எந்தப் புள்ளி எந்த நிறம் ஆனது என்ற முழுத் தரவையும் 2017-லும் 2022-லும் பொதுவில் வெளியிட்டது. ஆகவே அழிந்த படங்களைக்கூட இன்றைக்கும் தோண்டி எடுக்கலாம். எழுத்துச் சுவரில் ஒருவர் எழுதிய கதையின் மேல் இன்னொருவர் எழுதிவிட்டால், பார்க்கிறவருக்கு அந்தக் கதை போனது போனதுதான்.

இன்னொரு பக்கம் காசு. 2025 ஜூலையில் பிரேசிலிலிருந்து 'டபிள்யூபிளேஸ்' வந்தது. சதுரத்துக்குப் பதில் உலக வரைபடம், அதன் மேல் புள்ளி வைக்கலாம், 30 நொடிக்கு ஒன்று. மொத்தம் நாலு லட்சம் கோடிப் புள்ளிகளுக்கு மேல். பத்து லட்சம் பேர் தூங்காமல் வைத்தாலும் ஒரு முறை நிரப்ப ஏறக்குறைய நாலு வருடம் ஆகும். இதில் ஒரு நல்ல யோசனை ஒளிந்திருக்கிறது. வரைபடம் என்பதால் பூஜ்யம், பூஜ்யம் என்ற ஒற்றை நடுவிடம் இல்லை, ஒவ்வொருவருக்கும் அவரவர் ஊர்தான் நடுவிடம். பாரிஸில் அடித்துக்கொண்டாலும் ஆரல்வாய்மொழியில் நிம்மதியாக வரையலாம். கவனப் பஞ்சத்துக்கு இதுவரை வந்த வைத்தியங்களில் இதுதான் கெட்டிக்காரத்தனமானது.

கூடவே ஒரு கெட்ட யோசனையும் இருக்கிறது. காசு கொடுத்தால் காத்திருக்காமல் கூடுதல் புள்ளிகள் வாங்கலாம். வழங்கிக்கு வாடகை யார் கட்டுவது, சும்மா வருமா என்று கேட்கலாம். வரி போடுவதானால் விருப்பமுள்ளவர்களிடம் நன்கொடை கேட்கட்டும், பக்கத்தில் விளம்பரம் ஒட்டட்டும், சட்டையில் அச்சடித்து விற்கட்டும். மையை மட்டும் விற்கக் கூடாது. எல்லாருக்கும் அதே 30 நொடி என்பதுதான் அந்தச் சுவரில் இருந்த ஒரே நீதி. ரசிகர் கூட்டம் உள்ளவன் ஜெயிப்பதாவது ஒரு வகையில் தலைக்கு ஒரு ஓட்டு. பணம் உள்ளவன் ஜெயிக்க ஆரம்பித்தால் அது மில்லியன் டாலர் ஹோம்பேஜ்தான், வாங்கினதை அடுத்தவன் வந்து அழிக்கலாம் என்ற கூடுதல் வசதியோடு.

இதே எல்லையில்லாப் பலகையைப் பூட்டு போட்டு விற்றால் என்ன விலை போகும் என்பதையும் உலகம் பார்த்துவிட்டது. பலர் ஒரே நேரத்தில் வரையும் 'ஃபிக்மா'வை வாங்க அடோபி நிறுவனம் 2022 செப்டம்பரில் பேசிய விலை 2,000 கோடி டாலர். ஐரோப்பிய, பிரிட்டிஷ் போட்டி ஆணையங்கள் முட்டுக்கட்டை போட்டதால் 2023 டிசம்பரில் கைவிட்டு, பேச்சை முறித்ததற்கே 100 கோடி டாலர் கட்டியது. தொழில்நுட்பம் கிட்டத்தட்ட ஒன்றுதான்: பலகை, முகவரி போட்ட துண்டுகள், ஒரே நேரத்தில் பலர், இரண்டு பேர் ஒரே இடத்தில் கை வைத்தால் யாருடையது நிற்கும் என்ற விதி. பலகைக்கு வாசல் வைத்ததற்குத்தான் அந்த விலை.

பெரிய கம்பெனியின் பலகை என்றால் நிலைத்து நிற்கும் என்றும் இல்லை. கூகுள் தன் 'ஜாம்போர்டு' பலகையை 2024 டிசம்பர் 31-ம் தேதியோடு மூடிவிட்டது. வகுப்பறைகளில் அதை வைத்துப் பாடம் நடத்திய ஆசிரியர்கள், கெடு முடிவதற்குள் பழைய பலகைகளைப் படமாகவோ கோப்பாகவோ இறக்கி வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஒற்றை ஆள் நடத்தும் ஓசித் தளத்துக்கு அந்தக் கெடு அறிவிப்பாவது வருமா? அந்த ஆள் வேலை மாறினால், சலித்துப்போனால், வாடகை கட்ட மறந்தால், ஒரு காலையில் பக்கம் திறக்காது. பதினைந்து வருடமாக ஆயிரக்கணக்கானவர்கள் எழுதியது ஒரே ஒருவருடைய கடனட்டையில் தொங்கிக்கொண்டிருக்கிறது. முழுப் பலகையையும் ஒரு கோப்பாக யாரும் இறக்கிக்கொள்ளலாம் என்ற வசதி இல்லாத எந்தப் பொதுச்சுவரையும் பொது என்று சொல்வது தகாது.

கடைசியாக, தமிழில் எழுத நினைப்பவர்களுக்கு இந்தச் சுவர்கள் வைத்திருக்கும் ஒரு தனிச் சோதனை. கட்டம் போட்ட பக்கத்தில் ஒரு கட்டத்துக்கு ஒரு எழுத்து என்பது ஆங்கிலம் எழுதுகிறவர் போட்ட கணக்கு. 'தமிழ்' என்பது மூன்றே எழுத்து. யூனிகோடில் அதற்குக் குறியீடுகள் ஐந்து: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. ஒரு கட்டத்துக்கு ஒரு குறியீடு என்று எழுதப்பட்ட நிரலில், இகரக் குறி ஒரு கட்டத்திலும் அது ஏற வேண்டிய மகரம் முந்தின கட்டத்திலும் போய் உட்கார்ந்துகொள்ளும். ழகரம் ஓரிடம், அதன் புள்ளி அடுத்த வீடு. அடுத்தவன் அழிக்க வேண்டியதே இல்லை, எழுதும்போதே சிதைந்துவிடும். இந்திக்கும் வங்காளத்துக்கும் இதே பாடுதான். எது ஒரு முழு எழுத்து என்று பிரித்துச் சொல்லும் கருவி இப்போது உலாவிகளுக்குள்ளேயே இருக்கிறது, 'இன்டல் செக்மென்டர்' என்று பெயர். குரோமில் முன்பே இருந்தது, ஃபயர்ஃபாக்ஸிலும் 2024 ஏப்ரலில் வந்துவிட்டது. அதை எடுத்துப் பொருத்த ஒரு மாலை நேரம் போதும். புதிதாக இப்படிச் சுவர் கட்டுகிறவர்கள் இனி அதற்குச் சாக்கு சொல்ல முடியாது.